எட்டு விரல்களின் கோடுகள்

குலசேகரத்தின் பத்து விரல்களில் இரண்டு மட்டுமே தாளில் கோடுகளைப் பதித்தன. இரண்டும் சுண்டுவிரல்கள்.

மற்ற எட்டுக் கட்டங்களிலும் இருந்தது வெறும் கறுப்பு. விரலின் வடிவம் தெரிந்தது, நுனியின் வளைவு தெரிந்தது. உள்ளே சுழியோ வளையமோ எதுவும் இல்லை. பினாங்குப் பதிவு அலுவலகத்தின் கவுண்டரில் இருந்த எழுத்தர் ஜபருல்லா தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு குலசேகரத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே, ரேகையெல்லாம் வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?"

"இன்னொருக்கா எடுத்துப் பாருங்கோ தம்பி. மை கூடிப் போச்சோ தெரியேல்லை."

ஜபருல்லா கை துடைக்கத் துணி கொடுத்தார். கண்ணாடிப் பலகையில் மையை உருளையால் இன்னும் மெல்லிசாகப் பரப்பினார். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தாளில் உருட்டினார். மறுபடியும் அதே இரண்டு விரல்கள், அதே எட்டுக் கறுப்பு.

"பத்து வருஷமா இந்த சீட்ல இருக்கேன். ரேகை தேஞ்ச ஆளுங்க வருவாங்க. ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டுறவங்க, சிமெண்டு வேலைக்காரங்க. அவங்களுக்குப் பத்துமே மங்கலா இருக்கும். இப்படி ரெண்டு மட்டும் பளிச்சுனு நான் பார்த்ததில்ல. நீங்க பேங்க் கொள்ளைக்குப் போனா சுண்டுவிரலை மட்டும் மடக்கிக்கிட்டாப் போதும்ணே, ஒரு பய கண்டுபிடிக்க முடியாது."

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்தார். குலசேகரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று 1986 ஆகஸ்டு 11, திங்கட்கிழமை. அவர் பையில் இருந்த கடிதம், நிரந்தரவாசத்துக்கான அவருடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்றும், செப்டம்பர் 30க்குள் ரேகை பதித்துச் சிவப்பு அடையாள அட்டைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அவருடைய வேலை அனுமதியும் அந்த 30ஆம் தேதியோடுதான் முடிய இருந்தது. எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் அதை இனிமேல் புதுப்பிக்க வழியில்லை என்று தொழிற்சாலை முன்பே சொல்லிவிட்டது. அட்டைக்குப் பதிய முடியாமல் போனால், அக்டோபர் முதல் தேதியில் குலசேகரமும் மனைவி செல்வநாயகியும் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட வேண்டும். அங்கிருந்து செல்வநாயகியின் தங்கை கடைசியாக எழுதிய கடிதம் முழுவதும் பதுங்குகுழியை வீட்டின் எந்தப் பக்கம் வெட்டினோம் என்பதைப் பற்றியது.

செல்வநாயகியின் விரல்கள் அன்று முதல் தடவையிலேயே பத்தும் தெளிவாகப் பதிந்துவிட்டன. ஆனால் கணவருடைய அட்டை இல்லாமல் அவருடைய அட்டைக்கு அர்த்தம் இல்லை.

"கட்டைவிரல் ரெண்டும் கட்டாயம் வேணும்ணே," என்றார் ஜபருல்லா. "மத்ததுக்கு நான் பெரியவர்கிட்ட பேசிப் பார்க்கலாம். தோல் காஞ்சு கிடக்கு போல. எதாச்சும் தடவிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

கையில் தடவுவதற்கு என்றால் யாழ்ப்பாணத்து வீட்டில் முதலில் எடுப்பது நல்லெண்ணெய்தான். சுங்கை பினாங்கில் மூன்றாம் மாடி வீட்டில், குலசேகரம் இரண்டு வாரம் காலையும் மாலையும் விரல்களுக்கு எண்ணெய் தேய்த்தார். ஆகஸ்டு 25ஆம் தேதி காலையிலும், மறக்காமல், புறப்படும் முன் ஒரு தடவை தேய்த்துத் துடைத்துக்கொண்டு போனார். அன்று நிலைமை இன்னும் மோசம். சுண்டுவிரல்கள்கூடக் கலங்கிப் போயின.

இதற்குக் காரணம் எளிது. ரேகை பதிக்கும் மை எண்ணெயில் குழைத்த மை. விரலில் மேடுகளும் பள்ளங்களும் உண்டு. மேட்டில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. அதனால்தான் தாளில் கோடு விழுகிறது. விரலில் ஏற்கெனவே எண்ணெய் ஊறியிருந்தால் மை அதோடு கலந்து இளகி, பள்ளத்துக்குள்ளும் ஓடிவிடும். இதைச் செல்வநாயகி வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். ஆனால் அது இரண்டாம் தடவை ஏன் மோசமானது என்பதைத்தான் விளக்கியது. முதல் தடவை எட்டு விரல்கள் ஏன் வெறுமையாக இருந்தன என்பதை விளக்கவில்லை.

அன்று ஜபருல்லா சொன்ன இன்னொரு விஷயமும் குலசேகரத்தின் மனதில் நின்றது. "தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்து ஆளுங்க இலை உதிர்ற சீசன் முடிஞ்சு வந்தா ரேகை நல்லா வரும்ணே. அப்ப ஒரு மாசம் மரம் வெட்ட மாட்டாங்க இல்ல? தோல் திரும்ப வளந்துரும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"அக்கரையிலை, பிறை ஊரிலை. ஃபாக்டரியிலை மோல்டு பொலிஷ் பண்ணுறன்."

"ஆபீஸர் மாதிரி இருக்கீங்க, கை வேலையா?"

கை வேலைதான். பிளாஸ்டிக் பொருள் ஒவ்வொன்றும் மோல்டு என்னும் எஃகு அச்சுக்குள் பிறக்கிறது. உருகிய பிளாஸ்டிக் அச்சின் உட்புறத்தை அப்படியே பிரதி எடுத்துக்கொள்ளும். அச்சில் ஒரு கீறல் இருந்தால் அதிலிருந்து வரும் பத்து லட்சம் பொருள்களிலும் அந்தக் கீறல் இருக்கும். வாளிக்கும் நாற்காலிக்கும் அது பரவாயில்லை. மோட்டார்சைக்கிளின் பின்விளக்கு மூடி போன்றவற்றுக்கு அச்சு கண்ணாடி போல இருக்க வேண்டும். இயந்திரம் வடிவத்தை வெட்டிக் கொடுக்கும். அதன்பிறகு மனிதக் கை. முதலில் சாணைக்கல், பிறகு மேலும் மேலும் நைசான உப்புத்தாள்கள், கடைசியில் வைரத்தூள் கலந்த பசை. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தின் கீறல்களுக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். பழைய கீறல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். குலசேகரம் இதைக் கொழும்பில் கற்று, இரண்டு ஆண்டுகள் ஜப்பானில் பழகி, 1978இல் பிறைக்கு வந்தார். நிரந்தரவாச விண்ணப்பத்தோடு தொழிற்சாலை கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில், கடைசி மெருகை விரல்நுனியின் உணர்வால் சோதித்து முடிக்கக்கூடியவர் எங்களிடம் இவர் ஒருவரே என்று எழுதியிருந்தது. வரி ரசீதுகள், சான்றிதழ்கள், ஐந்து ஆண்டு அனுமதி முத்திரைகள் எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடிதத்தை வைத்துத்தான் அனுப்பினார். பதில் வர மூன்று ஆண்டுகள் ஆயின.

செல்வநாயகி ஊரில் பதினோரு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவர். கணவரின் அனுமதியில் வந்தவர் என்பதால் இங்கே வேலை பார்க்க முடியாது. சிவப்பு அட்டை வந்தால் முடியும். அன்று மாலை அவர் கொப்பியில் பத்துக் கட்டங்கள் கீறினார். பென்சிலால் தாளில் கறுப்பாகத் தேய்த்து, எண்ணெய் போகக் கழுவிய கணவரின் விரலை அதில் ஒற்றி, மேலே ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, கட்டத்தில் ஒட்டினார். அலுவலகத்தில் முதல் தடவை கண்டது போலவே சுண்டுவிரல் இரண்டிலும் நல்ல கோடுகள் இருந்தன. மற்றவை பொட்டல்.

"இந்தத் தகரமூடியை மோல்டு எண்டு நினையுங்கோ," என்றார். "எப்பிடித் தேய்ப்பீங்கள், செய்து காட்டுங்கோ."

குலசேகரம் பிஸ்கட் தகரத்தின் மூடியை எடுத்தார். கட்டைவிரலால் தாங்கி, ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களால் சிறு வட்டங்களாகத் தேய்த்தார். களைத்தால் மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு பசையைத் துடைப்பது போலத் துடைத்து, நுனிகளால் மெல்ல வருடிப் பார்த்தார்.

"நில்லுங்கோ, அசையாதையுங்கோ. உங்கட சுண்டுவிரல் எங்க நிக்குது?"

அது உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. மற்றக் கையிலும் அப்படியே. முடிந்த பகுதியில் வியர்வை படக்கூடாது என்று ஜப்பானில் பயிற்சியாளர் அதை மடக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக மடக்கி மடக்கி, மடக்குகிறோம் என்பதே குலசேகரத்துக்கு மறந்துபோயிருந்தது.

"உந்த வைரப் பசை எஃகையே தேய்க்குதெண்டால் தோலை விடுமே? நீங்கள் மோல்டை மட்டும் பொலிஷ் பண்ணேல்லை, விரலையும் சேர்த்துப் பண்ணியிருக்கிறியள்."

"நோகேல்லையே, செல்வி. ஒருநாளும் நொந்ததில்லை."

"நோகாமல் தேயிறபடியால்தான் மினுங்குது."

கடைசிப் பசையில் உள்ள வைரத்துகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது தோலைக் கிழிக்காது. விரலின் மேடு ஒரு தாளின் கனம்கூட இராது. அதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, பள்ளத்தோடு சமமாக்கிவிடும். இரவில் தோல் அடியிலிருந்து வளர்கிறது, பகலில் பசை அதைத் தேய்த்துவிடுகிறது. எந்தத் திறமைக்காக நாடு அவரை இருக்கச் சொன்னதோ அதே திறமைதான் ரேகையை அழித்திருந்தது.

செல்வநாயகி கணக்குப் போட்டார். தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு மாதம். இன்று ஆகஸ்டு 25. செப்டம்பர் 30க்கு ஐந்து வாரம் இருக்கிறது. நாளையிலிருந்து விரல் பசையைத் தொடாவிட்டால் சரியாக வரும்.

மறுநாள் காலை குலசேகரம் மேற்பார்வையாளர் திருநாவுக்கரசிடம் நான்கு வாரம் விடுப்புக் கேட்டார். திருநாவுக்கரசு சுங்கை பட்டாணிக்காரர், வேலையில் குலசேகரத்துக்கு இளையவர், பதவியில் மேல்.

"நாலு வாரமா? அண்ணே, பின்விளக்கு மோல்டு செப்டம்பர் இருபதாம் தேதி போகணும். உங்களைவிட்டா அதைத் தொட யார் இருக்கா? நான் போய்த் தேச்சா மோட்டார்சைக்கிளுக்கு லைட்டு வராது, கீறல் விழுந்த மேப்புதான் வரும்."

"கார்டு இல்லையெண்டால் அக்டோபரிலை நானே இருக்கமாட்டன், அரசு."

"அது புரியுதுண்ணே. ஆனா ரூல் ஒண்ணு இருக்கு. உங்க பர்மிட் பாஸ் இந்த வேலைக்குன்னு குடுத்தது. சம்பளமில்லாம நாலு வாரம் போனா, போஸ்ட்ல ஆள் இல்லன்னு ஆபீஸ்ல எழுதிடுவாங்க. பாஸ் கேன்சல். பாஸ் கேன்சல்னா கார்டும் சிக்கல் லா. நான் மறைச்சு வைக்கலாம், மேல இருக்கவன் மறைக்க மாட்டான்."

ஆக, வேலையை நிறுத்தினாலும் ஆபத்து, செய்தாலும் ஆபத்து. வேலையைச் செய்ய வேண்டும், ஆனால் விரல் பசையில் படக்கூடாது. தடித்த கையுறை போட்டுப் பார்த்தார். தேய்க்க முடிந்தது. ஆனால் சோதிக்க முடியவில்லை. அதிகம் தேய்த்தால் எஃகின் மேல் ஆரஞ்சுத் தோல் போல மிக மெல்லிய அலை உண்டாகும். வெளிச்சத்தில் அது தெரிவதற்குள் காரியம் கெட்டுவிடும். அதற்கு முன்பே விரலுக்குத் தெரியும். அந்த உணர்வு கையுறையில் செத்துவிட்டது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் பரிசோதனை அறையின் சலேஹா அவருடைய மேசைக்கு வந்தாள். முன்பு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சில்லுகளைப் பார்க்கும் வேலையில் இருந்தவள். அங்கே விரல் ஈரம் படாதிருக்க, விரல்நுனிக்கு மட்டும் போடும் மெல்லிய ரப்பர் உறையைத்தான் எல்லோரும் பயன்படுத்துவார்கள். இங்கும் அவள் அதைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தாள். அவளும் குலசேகரமும் பேசுவது மலாய்.

"இவ்வளவு பெரிய கையுறையா, அண்ணே? மீன் வெட்டப் போறீங்களா?" என்று ஒரு பெட்டியைத் தள்ளினாள்.

எட்டு விரல்களுக்கும் எட்டு உறை போட்டார். தேய்க்க நன்றாக இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை பசை உறையை அரித்தது. கழற்றிப் புதிதாகப் போட்டார். ஆனால் சோதிக்கும்போது ரப்பர் மெருகேறிய எஃகில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. இழுத்தால் குதித்துக் குதித்து நகர்ந்தது. சோதிக்க மட்டும் உறையைக் கழற்றலாம் என்றால், வருடுவதும் தேய்ப்பதும் ஒரு நாளைக்கு நூறு தடவை மாறி மாறி வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பசை விரலில் பட்டுவிடும்.

"ஒட்டுது," என்று உறையை சலேஹாவிடம் காட்டினார்.

"பௌடர் போடுங்க லா."

"உள்ளேயா? போட்டாயிற்று."

"உள்ளே போடுறது விரல் நுழைய. ஒட்டுறது வெளியேதானே?" அவள் தன் கைப்பையிலிருந்து முகப்பூச்சு டப்பாவை எடுத்து அவருடைய உறை போட்ட விரலில் தட்டினாள். "என் அம்மாவிடம் சொல்லாதீங்க, இது நல்ல பௌடர். இரும்பு மூஞ்சிக்குப் போடுறேன்னு தெரிஞ்சா அடிப்பாங்க."

குலசேகரம் அச்சின் ஒரு பகுதியை ஸ்பிரிட்டால் துடைத்தார். வெள்ளை விரலால் வருடினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் நின்றார். மறுபடி வருடினார். இடப்பக்க ஓரத்தில் ஒரு சின்ன அலை இருந்தது. வெறும் விரலால் காலையில் அதே இடத்தை மூன்று தடவை வருடியும் அவருக்குத் தெரியாத அலை.

இது வியப்பாகத் தோன்றினாலும் காரணம் உண்டு. வெறும் விரல் எஃகில் லேசாக ஒட்டும். நகர்த்தும்போது தோல் இழுபட்டு விடுபடும். அந்த இழுப்பு விரலுக்குப் பெரிய செய்தி, எஃகின் அலை அதைவிடச் சின்னச் செய்தி. சத்தமான அறையில் மெதுவாகப் பேசியது போல அது அமுங்கிவிடுகிறது. பௌடர் இழுப்பை நிறுத்தியதும் ஏற்ற இறக்கம் மட்டும் மிச்சமாகிறது. பௌடர் அச்சைக் கீறுமோ என்று திருநாவுக்கரசு பயந்தார். கற்களில் எல்லாம் மிக மென்மையான கல்லை அரைத்ததுதான் முகப்பூச்சு, எஃகை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, துடைத்தால் போய்விடும் என்று குலசேகரம் அவருக்கு ஒரு துண்டு எஃகில் தேய்த்துக் காட்டினார்.

"பெடாக் பௌடர் போட்டா மோல்டே அழகா ஆயிடும் போல," என்றார் திருநாவுக்கரசு. அடுத்த வாரத்திலிருந்து உறைகளைத் தொழிற்சாலைச் செலவிலேயே தருவித்தார்.

அச்சு செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி முடிந்தது. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் செல்வநாயகி பென்சிலும் ஒட்டுநாடாவும் கொண்டு பத்துக் கட்டங்களை நிரப்பினார். முதல் ஞாயிறு எதுவும் இல்லை. இரண்டாவது ஞாயிறும் இல்லை. அன்று அவர் கொப்பியை மூடிவைத்துவிட்டு, தங்கைக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தில் நாங்கள் வந்தால் எங்கே இருப்பது என்று கேட்டு எழுதினார். அதை அனுப்பவில்லை. மூன்றாவது ஞாயிறு மோதிரவிரல்களில் மங்கலாக இரண்டு மூன்று வளைவுகள் தெரிந்தன. நான்காவது ஞாயிறு இடது கட்டைவிரலில் சுழி வந்தது. வலது கட்டைவிரல்தான் அதிகம் உழைத்தது, அது கடைசியாக வந்தது. ஐந்தாவது ஞாயிறு செப்டம்பர் 28. அன்று அதிலும் கோடுகள் இருந்தன, ஆனால் மெல்லியவை.

"மெல்லிய கோடெண்டால் மையும் மெல்லிசாய் இருக்கவேணும்," என்றார் செல்வநாயகி. "கனக்க அழுத்தினால் மேடு நசிஞ்சு பள்ளத்தோடை சேர்ந்திடும். அந்தத் தம்பியிட்டைச் சொல்லுங்கோ."

திங்கட்கிழமை ஜபருல்லா அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்கண்ணே, நாளையோட கதவு மூடிடும்னு தெரியுமில்ல? அக்கா, இன்னிக்காவது எண்ணெய் இல்லையே?"

"சோப்புப் போட்டு ரெண்டுதரம் கழுவிப் போட்டுத்தான் கூட்டிக்கொண்டு வாறன்," என்றார் செல்வநாயகி. "மையைக் கொஞ்சமாய்ப் பூசுங்கோ. அழுத்தாமல் உருட்டுங்கோ."

ஜபருல்லா உருளையைப் பலகையில் நாலைந்து தடவை ஓட்டி மையை மெலிதாக்கினார். இடது கை ஐந்தும் வந்தன. வலது சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி. கடைசியாகக் கட்டைவிரலை உருட்டி எடுத்தபோது மூவரும் தாளின் மேல் குனிந்தார்கள். நடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றி வளையங்கள். ஓரத்தில் கொஞ்சம் மங்கல்.

"இது போதும்ணே," என்றார் ஜபருல்லா. முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அட்டை வரும்வரை அந்த ரசீதே அட்டை என்றார். பிறகு ஒரு காலித் தாளைத் தள்ளினார். "நீங்க செஞ்சதை எழுதிக் குடுத்துட்டுப் போங்க. சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவுற அக்கா ஒண்ணு, மூணு தடவை வந்து திரும்பிப் போயிருக்கு. மலாய்லயும் எழுதுங்க, மத்த கவுண்டருக்கும் குடுக்கலாம்."

குலசேகரம் பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் தமிழில் எழுதினார்:

விரலைத் தேய்க்கும் பொருள் எது என்று முதலில் பாருங்கள்: பசை, சிமெண்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரம், எதுவானாலும். வேலையை நிறுத்த முடியாவிட்டால், அதைத் தொடும் விரல்களுக்கு மெல்லிய ரப்பர் உறை போட்டு, கிழிந்தவுடன் மாற்றுங்கள். ஒட்டினால் வெளியே பௌடர் போடுங்கள். நான்கு அல்லது ஐந்து வாரத்தில் ரேகை திரும்ப வளரும். எண்ணெய் தடவ வேண்டாம். பதிக்கும் நாளில் கையைச் சோப்பினால் கழுவி நன்றாக உலர்த்துங்கள். மையை மெலிதாகப் பரப்பி, அழுத்தாமல் ஒரே தடவை உருட்டுங்கள். கோடு வரும்.